இரண்டு கேம், ஒரு புத்தகம்

'அவுட்டர் வைல்ட்ஸ்' என்ற வீடியோ கேமை முடித்து மூன்று நாள் ஆகிறது. மனசு இன்னும் அதில் வரும் சூரிய மண்டலத்தில்தான் சுற்றுகிறது. 22 நிமிடத்தில் சூரியன் வெடித்துவிடும். பிறகு தொடங்கிய இடத்திலேயே, அதே நெருப்பின் பக்கத்தில் கண் விழித்து மறுபடி கிளம்ப வேண்டும். லெவல் ஏறுவது, புது ஆயுதம் எதுவும் கிடையாது. நமக்கு மிஞ்சுவது தெரிந்துகொண்ட விஷயம் மட்டும்தான். இரட்டைக் கோள்களில் ஒன்றிலிருந்து மணல் இன்னொன்றுக்குக் கொட்டிக்கொண்டே இருக்கும். குகைக்குள் மணல் ஏற ஏற, சுவரில் இருக்கும் பழைய எழுத்துகளை அவசரமாகப் படித்த அந்த நிமிடங்களை மறக்கவே முடியாது. இதை விளையாடப் போகிறவர்கள் தயவுசெய்து எதையும் தேடிப் படிக்காதீர்கள். ஒரே ஒரு முறைதான் இதைப் புதிதாக விளையாட முடியும்.

அப்புறம் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. ஒரு கப்பல், 60 பேர், ஒவ்வொருவருக்கும் என்ன ஆனது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஒரே நிறத்தின் புள்ளிகளால் வரைந்த படம் முதலில் கண்ணை உறுத்தியது, பழகியபின் அழகாகத் தெரிந்தது. தொப்பியையும் பேச்சின் சாயலையும் வைத்து ஒருவரை அடையாளம் கண்டபோது கைதட்டிவிட்டேன்.

நடுவில் ஜேசன் ஷ்ரையர் 2017இல் எழுதிய 'பிளட், ஸ்வெட், அண்ட் பிக்சல்ஸ்' படித்தேன். பத்து கேம்கள் உருவான கதை. எரிக் பரோன் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் தனியாளாக உட்கார்ந்து 'ஸ்டார்டியூ வேலி' கேமைச் செய்த அத்தியாயத்தை இரண்டு முறை வாசித்தேன். படம், இசை, நிரல் எல்லாமே அவர்தான். நேற்றிரவு அந்த கேமை இன்ஸ்டால் செய்துவிட்டேன்.