ஓட்டை விழுந்த நோட்டீஸ்

பிப்ரவரி 11, செவ்வாய்

கீழ் வீட்டுப் பெரியவரின் பெட்டி மேலே வந்துவிட்டது. இவள்தான் இரண்டு நடையாகத் தூக்கி வந்தாள். நான் கட்டிலில் படுத்தபடி "பார்த்து, படி" என்று சொல்ல, முறைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே அவர் சொல்லியிருந்தார், கீழே ஈரம் ஏறுகிறது, உன் வீட்டில் வை என்று. உள்ளே என்னவோ ஏதோ என்று பார்த்தால் முழுக்க முழுக்கக் குஸ்தி நோட்டீஸ். ஒடுக்கமான நீளத் தாள், சிவப்பிலும் நீலத்திலும் கொட்டை எழுத்து, மேலே பெரிய பெயர், கீழே போகப் போகச் சின்னப் பெயர். மூக்கில் வைத்தால் பழைய மாவுப் பசை வாசனை.

பிப்ரவரி 12

கால் ஆபரேஷனுக்குத் தேதி சொல்லும் போன் வரவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

நோட்டீஸ்களைப் பந்தயம் நடத்தின கம்பெனி வாரியாகப் பிரித்து வைத்தேன். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு வேறு என்ன செய்ய. லண்டனுக்கும் தெற்குக்கும் டேல் மார்ட்டின், ஆபீஸ் பிரிக்ஸ்டனில். யார்க்‌ஷயரில் நார்மன் மோரல், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக இறங்கிய ஆள். லிவர்பூலில் பில்லி பெஸ்ட். வடக்கே ஜார்ஜ் டி ரெல்விஸ்கோ, இவருடைய அப்பா 1908 லண்டன் ஒலிம்பிக்கில் குஸ்தியில் தங்கம் வாங்கியவர். ஒருவர் ஊரில் இன்னொருவர் கால் வைத்தால் சண்டை வரும் என்ற நிலையில், 1952-இல் இவர்கள் எல்லாம் உட்கார்ந்து நாட்டையே பாகம் பிரித்துக்கொண்டார்கள். பெயர் ஜாயிண்ட் புரமோஷன்ஸ். உன் ஊர் உனக்கு, என் ஊர் எனக்கு, பயில்வான்கள் மட்டும் பொது, இந்த வாரம் எனக்கு ஆடியவன் அடுத்த வாரம் உனக்கு.

சரி, அதுவரை நியாயம்தான். வெளியாள் ஒருவன் பந்தயம் வைக்க வந்தால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. டவுன் ஹாலில் நல்ல தேதிகள் எல்லாம் ஏற்கெனவே இவர்கள் கையில். அந்த வெளியாளுக்காக ஒரு ராத்திரி ஏறிய பயில்வானுக்கு இவர்களிடம் அப்புறம் வேலை கிடையாது. ஜாயிண்டில் இல்லாத அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்திருந்தார்கள், 'ஆப்போசிஷன்'. எதிர்க்கட்சி! 1960-களின் நடுவில் ஆளுங்கட்சி வருஷத்துக்கு 4,500 ஷோ அளவுக்கு நடத்தியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு.

பெட்டியில் ஆளுங்கட்சி நோட்டீஸும் இருக்கிறது, எதிர்க்கட்சி நோட்டீஸும் இருக்கிறது. பெரியவர் எந்தப் பக்கம்?

பிப்ரவரி 15, சனி

மணி நான்கு. அவர் வீட்டில் இருந்திருந்தால் இந்நேரம் கீழிருந்து டிவி சத்தம் வரும். பழைய பந்தயங்களைப் பேரன் ஏதோ ஒரு குச்சியில் போட்டுக் கொடுத்திருக்கிறான், சனிக்கிழமை நான்கு மணிக்குத்தான் பார்ப்பார், மற்ற நாளில் தொடமாட்டார். ஐடிவி சேனலில் அந்த நேரத்துக்குத்தான் வந்ததாம். முதல் ஒளிபரப்பு 1955 நவம்பர் 9, வெஸ்ட் ஹாம் பாத்ஸ், அதாவது நீச்சல் குளம். குளத்தின் மேல் பலகை போட்டு மூடி அதன்மேல் கோதா. 1965-லிருந்து வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட் நிகழ்ச்சியில் சனி தவறாமல். டிவி ஒப்பந்தம் மொத்தமும் ஜாயிண்ட் கையில். எதிர்க்கட்சிப் பயில்வான் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் டிவியில் முகம் காட்ட முடியாது.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஒரு நோட்டீஸில் ஓட்டை. நடுவில், ஒரு பெயர் இருக்க வேண்டிய இடத்தில், கத்தரிக்கோலால் நேராக வெட்டி எடுத்திருக்கிறது. மேலே 'முகமூடி', கீழே 'இன்னும் ஒரு பந்தயம்', நடுவில் ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக இவளைப் பார்த்தேன். "மாத்திரை போட்டாச்சா?" என்றாள்.

எதிர்க்கட்சி நோட்டீஸ்தான் அது, பால் லிங்கன் கம்பெனி. இந்த ஆளைப் பற்றி ராத்திரி முழுக்க போனில் தேடிப் படித்தேன், தூக்கம்தான் வரவில்லையே. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பயில்வான். 1956-இல் சோஹோவில் 2ஐஸ் என்கிற காபிக் கடையை இன்னொரு பயில்வான் ரே ஹன்ட்டரோடு சேர்ந்து எடுத்து நடத்தினார். டாமி ஸ்டீல், கிளிஃப் ரிச்சர்ட் எல்லாம் அந்தக் கடையின் நிலவறையில் பாடி வெளியே தெரிந்தவர்கள். பையன்களைப் பாட விட்டுக் காபி விற்றுக்கொண்டே இன்னொரு பக்கம் குஸ்திக் கம்பெனி. அதோடு விட்டாரா, டாக்டர் டெத் என்று முகமூடி மாட்டிக்கொண்டு தன் நோட்டீஸில் தானே மேலே ஏறிக்கொள்வார். முதலாளியும் அவரே, வில்லனும் அவரே, சம்பளம் மிச்சம்.

ஜாயிண்ட் இவரோடு பத்து வருஷம் போல மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் 1960-களின் நடுவில் பேசி உள்ளே இழுத்துக்கொண்டது. இவரிடம் ஆடினவர்களுக்கு டிவிக் கதவு அப்புறம்தான் திறந்தது. 'இவனைத் தொடாதே' என்று சொன்ன அதே ஆபீஸ் அடுத்த வாரம் அதே ஆளை 'வாங்க வாங்க' என்றால் அந்த ஆளுக்கு எப்படி இருந்திருக்கும்?

பிப்ரவரி 19

இல்லை. மத்தியானம் ஒரு தெரியாத நம்பர் வந்தது, கார் இன்சூரன்ஸ். என்னிடம் கார் இல்லை.

பிப்ரவரி 22, சனி

வலி. வேறு எழுதத் தெம்பில்லை. ஒன்று மட்டும். 1930-களில் குஸ்தி 'ஆல் இன்', அதாவது கிட்டத்தட்ட எதுவும் செய்யலாம், என்று ஆரம்பித்து நாற்காலி, இரத்தம் என்று போய் லண்டன் கவுன்சில் தடை போட்டது. மறுபடி கொண்டுவர மரியாதையான பெயர் ஒன்று தேவைப்பட்டது. 1940-களின் கடைசியில் ஒரு குழு உட்கார்ந்து விதி எழுதியது, தலைவர் அட்மிரல் லார்ட் மவுண்டவன்ஸ். யார் என்று பார்த்தால் ஸ்காட்டின் தென்துருவப் பயணத்தில் அவருக்கு அடுத்த நிலையில் போனவர். துருவத்துக்குக் கிட்ட வரை போய்விட்டு வந்து, இரண்டு எச்சரிக்கை, மூன்றாவதுக்கு வெளியேற்றம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். குழுவில் நம்ம நார்மன் மோரலும் உண்டு. விதி எழுதின குழுவில் இருந்தவரே பிறகு கம்பெனிக்காரர். சிரித்தால் கால் வலிக்கிறது.

பிப்ரவரி 26, புதன்

பெரியவர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். குரல் கம்மியிருந்தது. பெட்டி பத்திரமா என்றார். ஓட்டை பற்றிக் கேட்டேன். "எலி" என்றார்.

எலி ஸ்கேல் வைத்து வெட்டுமா?

பேச்சை மாற்ற பர்ட் அசிராட்டி கதையை எடுத்தார். மனிதர் உயரம் அப்படியொன்றும் இல்லை, ஆனால் அடைத்துக் கட்டின பீப்பாய். யார் ஜெயிப்பது என்று முன்பே பேசிவைத்த ஆட்டத்திலும் நிஜமாகவே பிடி போடுவார், எதிராளிக்கு நிஜமாகவே வலிக்கும், அதனால் பாதிப் பேர் அவரோடு ஏறவே தயங்கினார்கள். ஜாயிண்டோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தார், சாம்பியன் பட்டத்தையும் கையோடு கொண்டு வந்தார், நான்தான் சாம்பியன், யார் வேண்டுமானாலும் வாங்கடா என்று திரிந்தார். ஆக நாட்டில் ஒரே எடைக்கு இரண்டு சாம்பியன், இந்தக் கம்பெனிக்கு ஒன்று, அந்தக் கம்பெனிக்கு ஒன்று. அப்புறம் எதிர்க்கட்சிப் பட்டம் ஷர்லி கிராப்ட்ரீ என்கிற பையனிடம் போனது. அசிராட்டி விடவில்லை, அந்தப் பையன் போகிற இடத்துக்கெல்லாம் போய்ச் சவால் விட்டு உயிரை எடுத்தார். நோட்டீஸில் இல்லாத தொல்லை, நிஜத் தொல்லை. 1966-இல் பையன் குஸ்தியே வேண்டாம் என்று ஒதுங்கி ஆறு வருஷம் போல கோதா பக்கமே வரவில்லை.

அந்தப் பையன்தான் பிறகு பிக் டாடி.

இதைச் சொல்லிவிட்டுப் பெரியவருக்கு இருமல். நர்ஸ் வந்து போனை வாங்கி வைத்துவிட்டாள் போல.

மார்ச் 1, சனி

ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்தேன். நாற்பது நிமிஷம் பாட்டு. பிறகு ஒரு பெண், "நீங்கள் லிஸ்டில் இருக்கிறீர்கள்." லிஸ்டில் எங்கே என்றேன். அது தெரியாதாம். வேலையிலிருந்தும் கேட்கிறார்கள், எப்போது வருவாய், எப்போது வருவாய். எனக்கு மட்டும் தெரியுமா?

நான்கு மணிக்குப் பெரியவர் போன். தானாகவே சொன்னார். பகலில் ரொட்டி லாரி ஓட்டினார், வாரம் மூன்று ராத்திரி குஸ்தி, ஆளுங்கட்சிக்கு. நோட்டீஸில் கடைசி வரி, தோற்கிற ஆள். மாதா மாதம் தேதித் தாள் வரும், எந்த ஊர், எந்த ஹால், யாரோடு. அதைச் சமையலறைச் சுவரில் ஆணியில் மாட்டுவார் அவர் மனைவி. ஒரு மாதம் தாள் வரவில்லை. தபால்காரரைக் கேட்டார். அடுத்த மாதமும் இல்லை. ஆபீஸுக்குப் போன் செய்தால் "கூப்பிடுகிறோம்." யாரும் திட்டவில்லை, கடிதம் இல்லை, காரணம் இல்லை. பதினாலு மாதம். ஆணி மட்டும் இருந்தது என்றார்.

ஏன் என்று கேட்டேன். "எலி" என்றார் மறுபடி. இந்தத் தடவை சிரித்தார்.

அந்தப் பதினாலு மாதத்தில் எதிர்க்கட்சிக்குப் போஸ்டர் ஒட்டினாராம். விடியற்காலை இரண்டு மணிக்கு வாளியும் பிரஷும். ஆளுங்கட்சி நோட்டீஸ் மேல் ஒட்டிவிட்டு வருவார், மறுநாள் பார்த்தால் அதன் மேல் அவர்கள். ஒரே சுவரில் விரல் கனத்துக்கு ஏறிவிடும், மழையில் மொத்தமாகப் பெயர்ந்து மட்டை மாதிரி விழும். பெட்டியில் இருப்பது பாதி அப்படி விழுந்தவை. அதனால்தான் இரண்டு கட்சியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. நான் என்னவோ பிரித்து அடுக்கினேன்.

மார்ச் 4, செவ்வாய்

பிக் டாடி படங்களாகப் பார்த்துக் காலை போய்விட்டது. அண்ணன் தம்பி மூன்று பேர். மேக்ஸ் கிராப்ட்ரீ 1975 வாக்கில் ஜாயிண்டில் யாரோடு யார் மோதுவது என்று முடிவு செய்கிற வேலைக்கு வந்தார், ஷர்லியை பிக் டாடி ஆக்கினார், இன்னொருவர் பிரையன், ரெஃப்ரீ. குடும்பக் கடை. 64 அங்குல மார்பு, பளபள உடை, கூட்டம் 'ஈஸி, ஈஸி' என்று கத்தும். ஆனால் பெரியவருக்கு டாடி என்றாலே ஆகாது. ஜோடிப் பந்தயம் வைப்பார்கள், கூட ஒரு சின்னப் பையன், டைனமைட் கிட் மாதிரி, டேவி பாய் ஸ்மித் மாதிரி. பதினைந்து நிமிஷம் பையன் விழுந்து புரண்டு அடி வாங்குவான், கடைசியில் டாடி உள்ளே வந்து வயிற்றால் ஒரு முட்டு, மேலே விழுந்து ஒரு அமுக்கு, முடிந்தது. 1981 ஜூன் 18, வெம்ப்ளி அரீனா, டாடிக்கும் ஜயன்ட் ஹேஸ்டாக்ஸுக்கும். கூட்டமோ கூட்டம். இந்த மாதிரி எல்லா ராத்திரியும் ஒரே ஆளுக்குத் தோற்க யாருக்குப் பிடிக்கும், நல்ல பயில்வான்கள் ஒவ்வொருவராக எதிர்ப்பக்கம் நடந்தார்கள்.

எதிர்ப்பக்கம் அப்போது பிரையன் டிக்ஸன், பெர்கன்ஹெட்காரர். ஜிம் பிரேக்ஸ் என்கிற பயில்வானுக்கு ரசிகர் மன்றம் நடத்திக்கொண்டிருந்த பையன், 1970-இல் சொந்தக் கம்பெனி போட்டுவிட்டார்! மனைவி மிட்ஸி மியூலர், பெண்கள் சாம்பியன். அது பிறகு ஆல் ஸ்டார் ஆனது. இந்த க்ராய்டனில், ஃபேர்ஃபீல்ட் ஹால்ஸில், நான் பஸ்ஸில் எத்தனை தடவை கடந்திருக்கிறேன், அங்கே வருஷக்கணக்காக நடத்தினவர்கள் அவர்கள். ஒருநாள்கூட இறங்கிப் பார்க்கவில்லை.

மேக்ஸ் நோட்டீஸ் ஒன்றில் 'கிங் கெண்டோ'. முகமூடி, வாள், எல்லாம் கெண்டோ நாகசாகி என்கிற பிரபல முகமூடிப் பயில்வான் மாதிரியே. தூரத்திலிருந்து பார்த்தால் நாகசாகி, டிக்கெட் வாங்கி உள்ளே போனால் கிங் கெண்டோ.

மார்ச் 5

ரசத்தில் உப்பில்லை என்று கத்தினேன். உப்பு இருந்தது. மன்னிப்புக் கேட்டாயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

மூன்று நாளாகப் பெரியவர் போன் இல்லை. வார்டுக்கு அடித்தால் 'சொந்தக்காரரா?' என்கிறார்கள். பெட்டிக்காரர் என்று சொல்லவா.

1987 ஜனவரியிலிருந்துதான் டிவியைப் பங்கு போட்டார்கள். ஜாயிண்டுக்குக் கொஞ்சம், ஆல் ஸ்டாருக்குக் கொஞ்சம், அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூஎஃப் கம்பெனிக்குக் கொஞ்சம். முப்பது வருஷம் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனால் வீட்டைக் காலி செய்கிறார்கள்: 1988 டிசம்பரோடு ஐடிவியில் குஸ்தியே கிடையாது. ஆனால் டிக்ஸன் அந்த இரண்டு வருஷத்தை வீணாக்கவில்லை. நாகசாகி ராபி புரூக்சைட் என்கிற இளம் பயில்வானை மயக்கி வசியம் செய்து தன் பக்கம் இழுக்கிறார் என்று ஒரு கதை, அடுத்து என்ன ஆகும் என்று பார்க்க ஜனங்கள் ஹாலுக்கு வந்தே ஆக வேண்டும். மேக்ஸிடம் டாடி மட்டும். டாடிக்கு வயதாகிவிட்டது. 1987 ஆகஸ்டில் கிரேட் யார்மவுத்தில் டாடி மேலே விழுந்த பந்தயத்தில் எதிராளி மால் கிர்க் இறந்துபோனார், அவருக்கு இதயத்தில் கோளாறு இருந்தது பிறகுதான் தெரிந்தது. டாடி 1993-இல் நிறுத்தினார், மேக்ஸ் கம்பெனி 1995-இல் மூடியது. எதிர்க்கட்சி அதற்குப் பிறகும் ஊர் ஊராக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது, டிக்ஸன் 2023 மே மாதம் இறக்கும் வரை அவர் கையில்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை போனைத் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

தேதி வந்துவிட்டது! திங்கள், காலை ஏழு மணி, நடுராத்திரிக்கு மேல் ஒன்றும் சாப்பிடக் கூடாது. குளித்துக்கொண்டிருந்தபோது வந்த போன், இவள்தான் எடுத்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

பை தயார். சார்ஜர், செருப்பு, லுங்கி, மாத்திரைச் சீட்டு. ஓட்டை விழுந்த நோட்டீஸை மடித்தால் மடிப்பில் கிழியும் என்று சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு ஓரமாக வைத்திருக்கிறேன். அதே ஆஸ்பத்திரிதான், அவர் மூன்றாவது மாடி. இவள் சுருளைப் பார்த்துவிட்டு, காலை வெட்டப் போகிற இடத்துக்கு இதெல்லாம் எதற்கு என்கிறாள். வெட்டப் போவதில்லை, கம்பி மாற்றுகிறார்கள் என்றேன். பத்தரை ஆகிவிட்டது, இன்னும் ஒன்றரை மணி நேரம் சாப்பிடலாம், தோசை ஊற்றச் சொல்லியிருக்கிறேன்