விசா எத்தனை மாதத்தில் வரும்? ஆஸ்திரேலிய எண்களைப் படிக்கும் விதம்

ஆஸ்திரேலியாவின் ஹோம் அஃபேர்ஸ் துறை தன் இணையதளத்தில் ஒவ்வொரு விசாவுக்கும் இரண்டு எண்களைப் போடுகிறது. 50 சதவீதம் பேருக்கு இத்தனை நாளில் முடிவு தெரிந்தது, 90 சதவீதம் பேருக்கு இத்தனை மாதத்தில் தெரிந்தது என்று. விண்ணப்பம் போட்டவர்கள் இதைப் பஸ் நேர அட்டவணைபோலப் படிக்கிறார்கள். அது கிளம்பிப் போன பஸ்களின் கணக்கு. உங்கள் பஸ் எப்போது வரும் என்று அது சொல்லவில்லை.

அந்தக் கணக்கில் அண்மையில் முடிவு சொல்லப்பட்ட ஃபைல்கள் மட்டுமே உண்டு. முடியாமல் கிடப்பவை அதில் வராது. இதனால் ஒரு விசித்திரம் நடக்கும். ஒரு பிரிவில் இரண்டு வருடப் பழைய ஃபைல்கள் ஆயிரம், புதியவை ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதம் புதியவற்றை எடுத்து முடித்தால் இணையதளம் ‘இரண்டு மாதம்’ என்று காட்டும். பழையவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். அடுத்த மாதம் பழைய கட்டைத் தூசு தட்டினால் எண் இருபது மாதத்துக்கு மேல் தாவும். நேரம் கூடிவிட்டது என்று வாட்ஸ்அப் குழுக்கள் கலங்கும். உண்மையில் அந்த மாதம்தான் வரிசை நகர்ந்திருக்கிறது.

வேலையை விடுவது, வீட்டைக் காலி செய்வது, பிள்ளையின் பள்ளி மாற்றம் போன்ற முடிவுகளை 90 சதவீத எண்ணை வைத்தே எடுக்க வேண்டும். அதைத் தாண்டியும் பத்தில் ஒருவர் காத்திருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது, இந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பது. விசா விண்ணப்பத்தைக் கட்டணத்தோடு முறையாக லாட்ஜ் செய்த நாளிலிருந்துதான். 189, 190, 491 போன்ற திறன்சார் விசாக்களில் பெரிய காத்திருப்பு அதற்கு முன்பே நடந்துவிடும்: தொழில்திறனை மதிப்பிடும் ஸ்கில்ஸ் அசெஸ்மென்ட், ஆங்கிலத் தேர்வு, ஸ்கில்செலக்ட் என்ற அரசுத் தளத்தில் இ.ஓ.ஐ. எனும் விருப்பப் பதிவு, பிறகு விண்ணப்பிக்கச் சொல்லி வரும் இன்வைட். இ.ஓ.ஐ. இரண்டு ஆண்டு உயிரோடு இருக்கும். வயது, படிப்பு, அனுபவம், ஆங்கிலம் போன்றவற்றுக்குத் தரும் புள்ளியில் குறைந்தபட்சம் 65 என்பது உள்ளே நுழைய மட்டுமே. அதை வைத்துக்கொண்டு இன்வைட் எதிர்பார்த்தால் பல தொழில்களில் ஏமாற்றம்தான். இதற்கு நடுவில் வயதும் புள்ளியைத் தின்னும். 33 ஆனால் 30 புள்ளி 25 ஆகும், 40 ஆனால் 15, 45 ஆகிவிட்டால் கதவு மூடிவிடும். இன்வைட் வந்த நாளில் உள்ள வயதே கணக்கு.

இன்வைட் வந்தபின் 60 நாள். அதற்குள் விண்ணப்பிக்காவிட்டால் அது போயிற்று. இங்கே அதிகம் பேர் மாட்டுவது அனுபவப் புள்ளியில். ஐ.டி. துறையினரின் திறனை மதிப்பிடும் ஏ.சி.எஸ். அமைப்பு தரும் கடிதத்தில், குறிப்பிட்ட ஒரு தேதிக்குப் பிந்தைய வேலையைத்தான் திறனுள்ள வேலையாகக் கணக்கிடுவோம் என்று இருக்கும். அதற்கு முந்தைய வருடங்கள் தகுதிக்காகக் கழிக்கப்பட்டுவிடும். பட்டம் வாங்கிய நாளிலிருந்து எண்ணி இ.ஓ.ஐ.யில் புள்ளி போட்டால் இன்வைட் சுலபமாக வரும், விசா மறுக்கப்படும். கட்டின பணமும் திரும்பாது.

முதலில் போட்டவருக்கு முதலில் என்பதும் இங்கே விதி இல்லை. எந்த ஃபைலை முன்னால் எடுப்பது என்று அமைச்சர் உத்தரவு போடுவார். 2023 டிசம்பரில் வந்த 105ஆம் எண் உத்தரவு, முதலாளி ஸ்பான்சர் செய்யும் விசாக்களில் பெருநகரங்களுக்கு வெளியே உள்ள ரீஜினல் பகுதி வேலைகளை முதலில் வைத்தது. அடுத்து மருத்துவ, ஆசிரியர் பணிகள். அதன்பின் அக்ரெடிட்டட், அதாவது நம்பகமான ஸ்பான்சர் என்ற தகுதி பெற்ற நிறுவனங்களின் ஆட்கள். ஒரு நர்ஸும் ஒரு கணக்காளரும் ஒரே நாளில், ஒரே விசாவுக்குப் போட்டாலும் இருவரின் காத்திருப்பு ஒன்றாக இருக்காது. இணையதளமோ இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகக் காட்டும்.

ஆண்டு ஒதுக்கீடும் உண்டு. ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும் திட்ட ஆண்டு அது. 2024-25க்கு நிரந்தரக் குடியேற்றத்துக்கு மொத்தம் 1,85,000 இடம், அதில் திறன்சார் பிரிவுக்கு 1,32,200, அதற்குள் 189க்கு 16,900. ஒரு பிரிவின் இடம் தீர்ந்தால் சரியான ஃபைல்கூட ஜூலைவரை உட்கார்ந்திருக்கும். மே, ஜூனில் கிராண்ட் (விசா ஒப்புதல்) வரவில்லையே என்று புலம்புவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

முதலாளி ஸ்பான்சர் செய்யும் 482 விசா (2024 டிசம்பர் 7 முதல் ‘ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்’ என்ற பெயரில் வருவது) வழியாகப் போகிறவர்கள் ஒன்றுக்கு மூன்று ஃபைல்களைக் கவனிக்க வேண்டும்: நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப், வேலைக்கான நாமினேஷன், ஆளுக்கான விசா. நாமினேஷன் தேறாமல் விசா வராது. உங்கள் ஃபைலில் ஒரு குறையும் இல்லாமலே மாதக்கணக்கில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் எச்.ஆர். மேசையில் இருக்கும்.

மாணவர் விசாவில் வேகத்தை நிர்ணயிப்பது உங்கள் மதிப்பெண்ணைவிட நீங்கள் தேர்ந்த கல்லூரி. 2024 டிசம்பர் 19 முதல் அமலான 111ஆம் எண் உத்தரவு, ஒரு கல்வி நிறுவனம் தனக்கு ஒதுக்கப்பட்ட புது மாணவர் எண்ணிக்கையில் 80 சதவீதத்தைத் தொடும்வரை அதன் மாணவர்களை முன்வரிசையில் வைத்தது, தாண்டினால் பின்வரிசை. 2025 நவம்பரில் 115ஆம் எண் உத்தரவு அதை மூன்று படிகளாக்கியது: 80 சதவீதத்துக்குள் இருப்பவை, 80க்கும் 115 சதவீதத்துக்கும் இடைப்பட்டவை, 115 சதவீதத்தைத் தாண்டியவை. இது வேகத்தை மட்டும் மாற்றும், தகுதியை மாற்றாது. ஆனாலும் ஃபீஸ் கட்டுமுன் அந்த நிறுவனம் எந்தப் படியில் நிற்கிறது என்று ஏஜென்டிடம் கேட்பது உங்கள் உரிமை.

2025 ஜூலை முதல் மாணவர் விசாக் கட்டணம் 2,000 ஆஸ்திரேலிய டாலர். மறுத்தாலும் திரும்பாது. முதல் வருடக் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போக, தனியாளுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும் என்பது 2024 மே 10இல் வந்த தொகை. போன வாரம் கணக்கில் விழுந்த பெரிய தொகை, அது எங்கிருந்து வந்தது என்ற காகிதம் இல்லாமல் நின்றால் சந்தேகம்தான். மாணவர் ஃபைலில் குறையிருந்தால் கேட்டு வாங்குவார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம். எதுவும் கேட்காமலே மறுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வகுப்பு தொடங்கும் தேதி நெருங்கியும் விசா வரவில்லையென்றால் கல்லூரியிடம் புதிய தேதியோடு சி.ஓ.இ. எனும் சேர்க்கைச் சான்று வாங்கி ஏற்றிவிடுங்கள். பழைய சி.ஓ.இ. ரத்தாகிப் புதியது இல்லாத நிலையில் ஃபைல் கையில் எடுக்கப்பட்டால் மறுப்பு நிச்சயம்.

குடும்பப் பிரிவில் கணவன் மனைவி விசாவுக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. ஆனாலும் மாதங்கள் இழுக்கும், ஏனென்றால் வாழ்க்கையைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். பணம், வீட்டு நிர்வாகம், சமூகம், ஒருவருக்கொருவர் உள்ள பிணைப்பு என நான்கு தலைப்பில் பார்க்கிறார்கள். நம்மவர்கள் கல்யாண மண்டபப் போட்டோக்களை நூறு ஏற்றுவார்கள். பணம் அனுப்பிய ரசீது, பேசிய பதிவு, சேர்ந்து பயணித்த டிக்கெட் இரண்டுகூட இருக்காது. நிச்சயிக்கப்பட்ட திருமணத்தில் முன்கதை குறைவு என்பது குற்றம் இல்லை. பார்த்தது எப்போது, நிச்சயம் எப்போது, பிறகு எப்படித் தொடர்பில் இருந்தீர்கள் என்று தேதியோடு எழுதினாலே பாதி வேலை முடியும்.

பெற்றோர் விசா வேறு உலகம். 2024-25இல் மொத்தம் 8,500 இடங்கள். அதிகப் பணம் கட்டும் 143க்குப் பத்தாண்டுக்கும் மேல், சாதாரண 103க்கு 30 ஆண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். அப்பா அம்மாவைச் சீக்கிரம் பக்கத்தில் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குத் தரும் தற்காலிக விசாவான 870ஐப் பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்து வரும்.

எந்தப் பிரிவானாலும் ஃபைலை நிறுத்துவது பெரும்பாலும் மூன்று சில்லறைச் சமாசாரங்கள்.

முதலாவது பி.சி.சி. என்கிற போலீஸ் சான்று. 16 வயதுக்குப் பின், கடந்த 10 ஆண்டில் எந்த நாட்டில் மொத்தம் 12 மாதம் இருந்தீர்களோ அந்த நாட்டிலிருந்தெல்லாம் வேண்டும். ‘மொத்தம்’ என்பதை அடிக்கோடிடுங்கள். துபாயில் ஒருமுறை எட்டு மாதம், பின்னொருமுறை ஐந்து மாதம் வேலை பார்த்திருந்தால் அதுவும் கணக்கில் வரும். ஆஸ்திரேலியாவில் எடுக்கும்போது ஏ.எஃப்.பி. (மத்திய போலீஸ்) படிவத்தில் 33ஆம் எண் காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சான்றுக்கு ஆயுள் 12 மாதம்.

இரண்டாவது மருத்துவப் பரிசோதனை. இதற்கும் பொதுவாக 12 மாதம்தான். மாணவர்கள் முன்கூட்டியே எடுத்துவைப்பது நல்லது. பெற்றோர் விசாவுக்கு முன்கூட்டியே எடுத்தால் பணம் வீண். 11 வயது ஆனவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் மார்பு எக்ஸ்ரே உண்டு. பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள். சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் அந்தக் கல்ச்சர் முடிவுக்கே எட்டு வாரம்வரை ஆகும். கர்ப்பிணிகள் வழக்கமாக எக்ஸ்ரேயைப் பிரசவத்துக்குப் பின் தள்ளிப்போடுவார்கள், ஃபைலும் அதுவரை நிற்கும்.

மூன்றாவது பெயர். இது தமிழர்களுக்கென்றே அமைந்த தலைவலி. மார்க் ஷீட்டில் ஆர். கவிதா, பாஸ்போர்ட்டில் கவிதா ராமசாமி, கல்யாணத்துக்குப் பின் புதுப்பித்ததில் கவிதா செந்தில். கம்ப்யூட்டருக்கு மூன்று பெண்கள். விண்ணப்பத்தில் இப்போதைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி, மற்ற இரண்டையும் ‘வேறு பெயர்கள்’ கேள்வியில் சேருங்கள். போலீஸ் சான்றுக்குப் போடும்போதும் எல்லாப் பெயரையும் கொடுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் என்றால் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, மற்றதைக் காலியாக விட வேண்டும். அப்பா பெயரைத் தானாக நுழைத்துவிடாதீர்கள்.

தமிழில் உள்ள சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குள் செய்தால் நாட்டி (NAATI) என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்ய வேண்டும்; வெளியில் செய்தால் மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி, தகுதி ஆகியவை பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு ஃபைல் 5 எம்.பி.க்கு மேல் ஏறாது.

காத்திருக்கும்போது இம்மிஅக்கவுன்ட் என்ற உங்கள் இணையக் கணக்கில் ‘ரிசீவ்ட்’, ‘இனிஷியல் அசெஸ்மென்ட்’, ‘ஃபர்தர் அசெஸ்மென்ட்’ என்று மாறுவதை வைத்து ஜோசியம் பார்ப்பதில் பயன் இல்லை. அங்கே வரும் கடிதங்களைத்தான் பார்க்க வேண்டும். மின்னஞ்சல் ஸ்பாமில் போய் விழும். கூடுதல் ஆவணம் கேட்டால் பெரும்பாலும் 28 நாள் தருவார்கள். அதற்குள் சான்று கைக்கு வராவிட்டால், விண்ணப்பித்ததற்கான ரசீதை ஏற்றி, கெடு முடியும் முன்பே அவகாசம் கேளுங்கள். பாஸ்போர்ட் மாறினால் 929ஆம் எண் படிவம், குழந்தை பிறந்தாலோ திருமண நிலை மாறினாலோ 1022, தவறாக எழுதிவிட்டதைத் திருத்த 1023.

ஆஸ்திரேலியாவுக்குள் இருந்து போட்டவர்கள், முடிவு வரும்வரை அங்கே தங்கத் தரும் பிரிட்ஜிங் ஏ விசாவோடு ஊருக்கு ஓடிவிடக் கூடாது. பழைய விசா காலாவதியாகி பிரிட்ஜிங் ஏ மட்டும் கையில் இருக்கும்போது வெளியேறினால் திரும்பி வரும் உரிமை போய்விடும். கிளம்பும் முன், திரும்பி வர அனுமதிக்கும் பிரிட்ஜிங் பி வாங்க வேண்டும்.

90 சதவீத எண்ணையும் தாண்டிவிட்டால், முதலில் பி.சி.சி.யும் மெடிக்கலும் உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். பி.சி.சி. காலாவதியாகியிருந்தால் புதிதாக எடுத்து ஏற்றுங்கள். மெடிக்கல் காலாவதியாகியிருந்தால் மறுபடி எடுக்கவா என்று கேட்டு எழுதுங்கள். அதற்குப் பிறகே துறையின் விசாரணைப் படிவமோ 131 881 என்ற அதன் தொலைபேசி எண்ணுக்கு அழைப்போ. அதற்கு முன் அழைத்தால், வழக்கமான நேரத்துக்குள் இருக்கிறது, நிலவரம் சொல்ல இயலாது என்ற ஒரே பதில்தான் கிடைக்கும்.