கமேலியாவுக்கு கவாத்து: எப்போ வெட்டணும், எங்க வெட்டணும்

"செடி பச்சைப்பசேல்னு இருக்கு, ஆனா பூக்கவே மாட்டேங்குது" கமேலியாங்கற பூச்செடிய வளக்கறவங்க இப்படி சொன்னா நான் முதல்ல கேக்கறது, கடைசியா எப்போ கவாத்து பண்ணீங்கன்னு தான். ஏன்னா இந்த செடி அடுத்த சீசனுக்கான பூமொக்கை கோடையிலயே, அந்த வருஷம் விட்ட புதுக் கொம்போட நுனியில உருவாக்கிடும். அப்புறம் இலையுதிர் காலத்துல ஷேப் சரியில்லன்னு கட்டரை எடுத்து சுத்தி வெட்டுனோம்னா இலையோட சேத்து வரப்போற பூவையும் வெட்டிடறோம், அவ்ளோதான் விஷயம்.

அதனால பூ முடிஞ்ச உடனே, புதுத் துளிர் கிளம்பறதுக்கு முன்னாடி வெட்டிடணும். ஜப்பானிக்கா வகைன்னா பெரும்பாலும் வசந்த காலம், சசன்குவா வகை அதுக்கு முன்னாடியே பூத்து முடிச்சிடும்.

எங்க வெட்டறதுங்கறது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. ஒரு கொம்பை கையில புடிச்சு நுனியில இருந்து கீழ பாத்துக்கிட்டே வாங்க, நுனிப்பக்கம் வழுவழுன்னு இருக்கும், கொஞ்சம் கீழ வந்தா பட்டை நிறம் மாறி சொரசொரன்னு ஆகும், அந்த ரெண்டும் சேர்ற இடத்துல நெருக்கமா வளையம் வளையமா தழும்பு தெரியும். போன வருஷ வளர்ச்சி அங்கதான் ஆரம்பிச்சிருக்கு. அந்த தழும்புக்கு அரை சென்டிமீட்டர் மேல விட்டு வெட்டுனா அங்க தூங்கிட்டு இருக்கற மொட்டுங்க முழிச்சு மூணு நாலு கிளையா வெடிக்கும், செடி அடர்த்தியாகும். கண்ட இடத்துல வெட்டுனா இப்படி வராது.

உள்பக்கம் காஞ்ச குச்சி, ஒன்னோட ஒன்னு உரசற கிளை, இதெல்லாம் எடுத்துடுங்க. ஒரு குருவி உள்ள புகுந்து அந்தப்பக்கம் பறந்து போற அளவுக்கு இடம் இருந்தா போதும். காத்தோட்டம் இல்லாத செடியில தான் இலைக்கு அடியில செதில் பூச்சி ஒட்டிக்கும், அது விடற பிசுபிசுப்பு மேல கரும்பூஞ்சணம் படியும். இலை கறுப்பா இருந்தா மேல தொடச்சா மட்டும் பத்தாது, திருப்பிப் பாருங்க. ஒட்டுச்செடின்னா ஒட்டுக்கு கீழ இருந்து வர்ற துளிரையும் விடாம எடுத்துடணும்.

ரொம்ப வயசான, உயரமா போன செடியை இடுப்பு அளவுக்கு வெட்டுனா கூட பெரும்பாலும் தழைச்சு வந்துடும், கமேலியா அவ்ளோ தாங்கும் (தேயிலையும் ஒரு கமேலியா வகை தானே, அதை எவ்ளோ வெட்டறாங்க). ஆனா திரும்ப பூக்க ரெண்டு மூணு வருஷம் ஆகலாம், ஒரேடியா வெட்டாம வருஷத்துக்கு மூணுல ஒரு பங்குன்னு குறைச்சுட்டு வர்றது நல்லதுன்னு நான் நினைக்கறேன்.

வேர் மேலாப்புல தான் ஓடும், அதனால அடியில கொத்தாதீங்க, தண்டை ஒட்டாம மூடாக்கு (மண்ண மூடற காஞ்ச இலை, பட்டை மாதிரி) மட்டும் போடுங்க. மண்ணு அமிலத்தன்மையா இருக்கணும், பிஹெச் 5.5ல இருந்து 6.5 வரைக்கும். நரம்பு மட்டும் பச்சையா இருந்து இலை மஞ்சளாச்சுன்னா பெரும்பாலும் மண்ணுல சுண்ணாம்பு ஜாஸ்தின்னு அர்த்தம், முடிஞ்சா மழைத்தண்ணி ஊத்துங்க. கோடைக் கடைசியில தண்ணி விட மறந்தா மொக்கு பின்னாடி விரியாமலே கொட்டும், தொட்டில வெச்சவங்க இதுல இன்னும் உஷாரா இருக்கணும்.

மொக்கை கூர்ந்து பாத்தா குண்டா இருக்கறது பூ, ஒல்லியா கூரா இருக்கறது இலை. ஒரே நுனியில ரெண்டு மூணு குண்டு மொக்கு இருந்தா ஒன்னை விட்டுட்டு மத்ததை மெதுவா திருகி எடுங்க, பூ பெருசா வரும். மனசு வராதுன்னா விட்டுடுங்க, செடிக்கு ஒன்னும் ஆகாது.

ஆனா உதிர்ந்த பூவை மட்டும் அப்படி விடாதீங்க. இதழ்ல பழுப்பு புள்ளி வந்து பூ முழுக்க பரவுனா அது இதழ் கருகல் நோயா இருக்கலாம், அந்த பூஞ்சை கறுப்பு கட்டியா மாறி மண்ணுல வருஷக்கணக்கா கிடக்கும், அதனால பொறுக்கி குப்பையில போடுங்க, கம்போஸ்ட்ல வேண்டாம்.