கடைவாய்ப் பற்கள் போன பிறகு

கீழ்த்தாடையில் இருபுறமும் கடைவாய்ப் பற்களை இழந்த எனக்கு, உடனே செயற்கைப் பல் கட்டியாக வேண்டும் என்று ஒரு மருத்துவரும், அப்படியே விட்டுவிடலாம் என்று மற்றொருவரும் கூறினர்.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் பணியாற்றிய பல் மருத்துவ ஆய்வாளர் ஆர்ண்ட் கைசர் 1981இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களுமாக 20 பற்கள் நலமாக இருந்தால் பெரும்பாலோருக்கு மெல்லுவதற்கு அதுவே போதும் என்ற கருத்து வலுப்பெற்றது. கொள்கையளவில் இதை ஏற்கும் மருத்துவர்கள் பலர். ஆனால், இடைவெளி என்றால் நிரப்ப வேண்டும் என்றே பயின்றதாலும், எதிர்ப்பல் இறங்கிவிடும், தாடை மூட்டு பாதிக்கப்படும் என்ற அச்சத்தாலும், நோயாளியே பல் கேட்பதாலும், சிகிச்சை அறையில் இடைவெளியை அப்படியே விடுமாறு பரிந்துரைக்கத் தயங்குகிறார்கள். ஈறுநோய் முற்றியவர்களுக்கும் பற்கள் மிகவும் தேய்ந்தவர்களுக்கும் இது பொருந்தாது என்பதால், அந்தத் தயக்கம் முழுக்கத் தவறுமன்று.

ஆயினும், பின்புறம் தாங்கும் பல் இல்லாத இடத்தில் பொருத்தும் கழற்றி மாட்டும் பல்செட்டு, அழுக்கைத் தேக்கி அருகிலுள்ள நல்ல பற்களையும் சொத்தையாக்கக்கூடும் என்பதை நோயாளியிடம் முதலிலேயே சொல்ல வேண்டாமா? எனக்கு இரண்டாமவர்தான் சொன்னார். நான் எதையும் கட்டிக்கொள்ளவில்லை. எஞ்சிய பற்களைப் பேணுகிறேன்.