ஒப்பிட ஆள் இல்லாத ஆய்வு: பொதுக்கொள்கையில் முனைவர் பட்டம் பெற்ற அனுபவம்

பொதுக்கொள்கைத் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தபோது, தமிழ்நாட்டின் ரேஷன் அரிசி வறுமையைக் குறைத்திருக்கிறதா என்று கண்டறியப் போவதாக எழுதிக் கொடுத்திருந்தேன். ஆய்வு ஆலோசனைக் குழுவின் முதல் கூட்டத்தில் அந்த முன்வரைவு பத்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. "யாரோடு ஒப்பிடுவீர்கள்?" என்று ஒரு பேராசிரியர் கேட்டார். ஒரு திட்டத்தின் விளைவை அளக்க வேண்டுமானால், அது கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டின்படி அட்டைதாரர்களைப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்குமான விநியோகத்தைக் கைவிடவில்லை. அரிசி வேண்டாம் என்று சர்க்கரை அட்டையைக் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்படிச் சொல்லும் வசதி உள்ளவர்களை ஏழைக் குடும்பங்களோடு ஒப்பிட்டு என்ன நிறுவ முடியும்?

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பரில் இங்கே நடைமுறைக்கு வந்ததைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது முன்வரைவை எழுதினேன். அட்டைகள் முன்னுரிமை உள்ளவை, இல்லாதவை என்று பிரிந்ததால் ஒப்பீட்டுக்கு ஒரு வழி பிறந்தது என்று நம்பினேன். முன்னுரிமை இல்லாத அட்டைக்கும் மாநில அரசு விலையில்லாமலே அரிசி தந்ததால் அதுவும் விழுந்தது. இப்படியே ஓராண்டு போயிற்று.

ஆய்வு மாணவர்கள் முதலில் முடிக்க வேண்டிய பாடங்களான கோர்ஸ் ஒர்க்கின் பெரும்பகுதி புள்ளியியலும் ஆய்வு நெறிகளும்தான். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆனால் அங்கே படித்த ஒரு கருத்து என் கேள்வியைத் திருப்பிப் போட்டது. கொள்கை என்பது தலைமைச் செயலகத்தில் எழுதப்படுவது மட்டுமன்று, மக்களை நேரில் சந்திக்கும் கடைநிலை ஊழியர் எடுக்கும் முடிவுகளே நடைமுறையில் கொள்கையாகின்றன என்று அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி வாதிட்டிருந்தார். எல்லோருக்குமான திட்டத்தில் தகுதிப் பட்டியலால் யாரும் விடுபடுவதில்லை என்றால், விடுபடுகிறவர் எங்கே விடுபடுகிறார்? கடையின் கல்லாவுக்கு முன்னால்தான். குழு ஒப்புக்கொண்ட கேள்வி அதுதான்.

அடுத்து, தரவு. கடைவாரியான மாதக் கணக்கைக் கேட்டு, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அனுப்பினேன். 30 நாள் கெடு முடியும் தறுவாயில், விவரங்கள் இணையதளத்தில் உள்ளன என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. நான் கேட்ட வடிவில் அங்கே எதுவும் இல்லை. முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகே தாள்கள் கிடைத்தன, அவையும் மங்கலான நகல்களாக; அவற்றைக் கணினியில் ஏற்றவே இரண்டு மாதம் பிடித்தது.

களப்பணியில் நான் எதிர்பாராத சிக்கல், பேட்டி தருகிறவர்களிடம் வாங்க வேண்டிய ஒப்புதல் படிவம். நெறிமுறைக் குழு கேட்டபடி கையொப்பத்துக்கு இடம் விட்டு, தமிழில் அச்சிட்டு எடுத்துப் போயிருந்தேன். ஒரு பாட்டி தாளைத் தொடவே மறுத்து, "கையெழுத்துப் போட்டா கார்டைப் புடுங்கிடுவாங்களாப்பா?" என்றார். கைரேகை பதியாததால் இரண்டு முறை வெறும் பையோடு திரும்பியவருக்கு அந்தச் சந்தேகம் வராவிட்டால்தான் வியப்பு. வாய்மொழி ஒப்புதலே போதும் என்று திருத்த அனுமதி வாங்க மேலும் ஆறு வாரமாயிற்று. முதியோர் தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பப் படிவம் ஒன்று இருக்கிறது. நான் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த மூன்று கடைகளில் ஒன்றில் மட்டுமே விற்பனையாளர் அதைத் தாமாக எடுத்துக் கொடுத்தார். என் ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுவதும் அந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்.

வாய்மொழித் தேர்வில், மூன்று கடைகளை வைத்து மாநிலத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பார்கள் என எதிர்பார்த்து இரவெல்லாம் தயாரித்திருந்தேன். புறத்தேர்வாளர் அதைத் தொடவில்லை. அந்தப் படிவத்தை எடுத்துக் கொடுத்த விற்பனையாளருக்கு அதனால் என்ன இழப்பு என்று மட்டும் கேட்டார். வரிசை நீளும், வசவு விழும் என்றேன்.

பட்டம் கிடைத்த பின் ஆய்வின் சுருக்கத்தைத் தமிழில் அச்சிட்டு மூன்று கடைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு விற்பனையாளர் கடையை அடைக்கும்வரை காத்திருக்கச் சொல்லி, முழுவதையும் படித்தார். "எல்லாம் சரி சார், மூட்டை எடை குறைஞ்சு வந்தா நாங்க கையிலிருந்து கட்டுறமே, அது இதுல எங்க இருக்கு?" என்றார். என் களக்குறிப்பேட்டில் அது இருந்தது, ஆய்வேட்டில் இல்லை.