டோங் ஹாவில் பிள்ளைகளோடு ஒரு வருடம்

போன டிசம்பரில் ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கிற சமயம், நாகலூர் பக்கம் இருக்கும் மாமனார் தோட்டத்துக்குப் போயிருந்தோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே காபி, நடுவே இரண்டு பிள்ளைகளும் ஓட்டம். ஓடிக்கொண்டிருந்த பெரியவன் சட்டென்று நின்றான். தங்கச்சியின் சட்டையைப் பிடித்து இரண்டு எட்டு பின்னால் இழுத்தான். மண்ணில் பாதி புதைந்து, துருப்பிடித்த இரும்பு ஒன்று தெரிந்தது. "தாத்தா, இங்க ஒண்ணு கிடக்குது, வந்து பாருங்க, தொட்டுடாதீங்க" என்று கத்தினான். மாமா போய்ப் பார்த்தார். பழைய மண்வெட்டியின் உடைந்த தலை. அதைக் கையில் எடுத்துக் காட்டினார், அப்போதும் அவன் கிட்டே வரவில்லை.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அன்றைக்கு ராத்திரிதான், அந்த ஒரு வருடத்தைப் பற்றி உட்கார்ந்து எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

2023 ஆகஸ்டிலிருந்து 2024 ஜூலை வரை நாங்கள் நான்கு பேரும் வியட்நாமில், குவாங் ட்ரி மாகாணத்தில், டோங் ஹா என்ற ஊரில் இருந்தோம். வியட்நாமை வடக்கு, தெற்கு என்று பிரித்த 17-வது அட்சரேகைக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிற ஊர். அந்த நாட்டிலேயே அதிகமாகக் குண்டு விழுந்த மாகாணம் அதுதான். போர் 1975-ல் முடிந்தது, ஆனால் வெடிக்காமல் போன குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. வயலில் கிடைக்கும், வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைக்கும். கொத்துக்குண்டிலிருந்து சிதறுகிற சின்னக் குண்டு டென்னிஸ் பந்து அளவுதான் இருக்கும், பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரியே இருக்கும், குழந்தை கையில் எடுக்கத்தான் செய்யும். அதனால் அங்கே பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்: தெரியாத இரும்பைப் பார்த்தால் நில், தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவர்களிடம் சொல். பெரியவனுக்கு அப்போது ஏழு வயது. தெருப் பிள்ளைகளோடு விளையாடியே அதைக் கற்றுக்கொண்டான்.

சரி, அங்கே ஏன் போனோம்? நான் சேலத்தில் பிசியோதெரபிஸ்ட். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளோடுதான் பெரும்பாலும் வேலை. டோங் ஹாவில் அந்த மாதிரிக் குழந்தைகளுக்கான ஒரு மையத்தில், அங்குள்ள பணியாளர்களுக்கும் அம்மாக்களுக்கும் கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும், சம்பளம் இல்லை, ஆனால் ஒரு வருடத்துக்குக் குறையாமல் தங்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்த ஒரு வருட நிபந்தனைதான் என்னை இழுத்தது. வீட்டுக்காரர் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவர், கம்ப்யூட்டர் இருந்தால் எங்கேயும் உட்கார்ந்து செய்வார். நான்கு வருடச் சேமிப்பு கையில் இருந்தது. அத்தைதான் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. "பச்சப் புள்ளைங்களத் தூக்கிட்டுக் குண்டு விழுந்த ஊருக்கா போகோணும்? இங்க இல்லாத புள்ளைங்களா கண்ணு?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியாக டா நாங், அங்கிருந்து ரயில். ஹாய் வான் கணவாயில் கடலை ஒட்டி மலையைச் சுற்றிக்கொண்டு போகிற அந்த ரயில் பாதையைப் பார்த்ததும், ஏற்காடு இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தவறாமல் வாந்தி எடுக்கிற சின்னவள் வாயைத் திறந்தபடி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.

மையத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் வீடு எடுத்தோம். முதல் நாளே எதிர்வீட்டுப் பாட்டி வந்து என் வயதைக் கேட்டார், பிறகு வீட்டுக்காரர் வயது, பிள்ளைகள் வயது, எந்த வருடத்தில் பிறந்தவர்கள் என்று வரிசையாக விசாரணை. பெரியவன் குரங்கு வருடம், சின்னவள் பன்றி வருடம் என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டார். எதற்கு இதெல்லாம் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த மொழியில் நீ, நீங்கள் என்று பொதுவாக ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எல்லோரிடமும் பேசிவிட முடியாது. முறை தெரிந்தால்தான் வாயே திறக்கலாம். அப்பாவின் தம்பி 'சூ', அதாவது சித்தப்பா. அப்பாவின் சகோதரி 'கோ', அத்தை. அம்மாவின் தங்கை 'ஸீ', சித்தி. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மூத்தவர் என்றால் 'பாக்', நம் பெரியப்பா பெரியம்மா போல. பாட்டி 'பா'. தெருவில் காய்கறி விற்கிறவரும் முறைதான், பஸ் ஓட்டுகிறவரும் முறைதான். அங்கிள், ஆன்ட்டி என்று முடித்துக்கொள்ளப் பழகிவிட்ட என் பிள்ளைகள் இரண்டே மாதத்தில் சித்தி யார், அத்தை யார் என்று பிரித்துப் பேச ஆரம்பித்தார்கள். பிறகு அதே மாதிரி தமிழிலும் கேட்க ஆரம்பித்தார்கள்: "அம்மாயி வீட்டுப் பக்கத்துல இருக்கிற அக்கா எனக்கு என்ன முறை வேணும்?"

எதிர்வீட்டுப் பா தினமும் எங்களைப் பார்த்ததும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அன் கம் சுவா?" சோறு சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். வீட்டுக்காரர் அதைக் கேட்ட முதல் நாள், "இது நம்ம ஊருதான், விடு" என்றார்.

சின்னவளை அங்கேயே ஒரு மழலையர் பள்ளியில் சேர்த்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளையும் பாய் போட்டுத் தூங்க வைத்துவிடுவார்கள். முதல் மூன்று வாரம் தினமும் அழுகை. அதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன், மையத்தில் வேறொரு குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது என் குழந்தை அழுகிறாள் என்ற நினைப்பு வயிற்றைப் பிசையும். நான்காவது வாரம் தானாகச் சரியானது. தீபாவளி வருவதற்குள் அவள் ராகம் போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டாள். வியட்நாமியத்தில் 'மா' என்ற ஒரே சொல்லை ஏற்றி இறக்கிச் சொன்னால் அம்மா, பேய், நெல் நாற்று, ஆனால், சமாதி, குதிரை என்று ஆளுக்கொரு அர்த்தம் வந்துவிடும். எனக்குக் கடைசி வரை அந்த வித்தியாசம் முழுசாகக் காதில் விழவில்லை. அவள்தான் கடையில் எனக்கு மொழிபெயர்ப்பு.

அக்டோபர், நவம்பர் மழை வேறு மாதிரி. சேலத்துக்காரர்களுக்கு வெயில் தெரியும். லாவோஸ் பக்கமிருந்து அடிக்கிற கோடைக் காற்றைத் தாங்கிவிட்டோம், வாரக்கணக்கில் விடாமல் பெய்கிற மழையைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. சுவர் வியர்த்தது, துணி காயவே இல்லை, பாட நோட்டில் பூஞ்சை பிடித்தது. பெரியவனுக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் இறங்காமல் இருந்தபோது, நள்ளிரவில் பா இஞ்சி போட்ட கஞ்சியோடு வந்து, எங்களைக் கேட்காமலேயே அவன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். அந்த ராத்திரிதான் நான் முதல்முறையாக, இங்கே வந்தது தப்போ என்று அழுதது.

இனி வேலையைப் பற்றி. மையத்துக்கு வருகிற குழந்தைகளில் பாதிப் பேரால் தானாக உட்கார முடியாது. வீட்டில் படுக்க வைத்தே ஊட்டுவார்கள். படுத்தபடி ஊட்டினால் சாப்பாடு மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரலில் சளி கட்டும், திரும்பத் திரும்ப நிமோனியா வரும். இடுப்பு செங்கோணத்தில் மடங்கி, பாதம் ஒரு பலகையின் மேல் பதிந்து, தாடை லேசாகக் கீழே இறங்கி இருந்தால் அதே குழந்தை இருமாமல் விழுங்கும். ஒவ்வொரு குழந்தையின் உடம்பும் ஒவ்வொரு பக்கம் சாயும், அதனால் அளவெடுத்துச் செய்த நாற்காலி வேண்டும். கடையில் வாங்குகிற விலை அந்த அம்மாக்களுக்குக் கட்டாது. அட்டைப்பெட்டியை அடுக்கடுக்காக ஒட்டி நாற்காலி செய்கிற முறை ஒன்று பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு அட்டையில் உள்மடிப்புக் கோடு நெடுக்கில் போனால் அடுத்ததில் குறுக்கில் போக வேண்டும், எட்டு பத்து அடுக்கு, மேலே செங்கல் வைத்து அழுத்தி வெயிலில் காயவைத்தால் பலகை மாதிரி ஆகிவிடும், ரம்பத்தால் அறுக்கலாம்.

அதற்குப் பசை வேண்டும். பசைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டபோது, அங்கே வேலை செய்கிற ஒரு பெண் சமையலறையிலிருந்து ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தாள். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். கிறீச்சென்றது. மரவள்ளிக்கிழங்கு மாவு. அவர்கள் மொழியில் போட் நாங். நான் அம்மாப்பேட்டையில் நெசவு வீட்டில் வளர்ந்தவள். அப்பா தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்ட நாட்களில் அந்த மாவைக் கரைக்கிறது என் வேலை. சேலத்தில் கிழங்கு மாவும் ஜவ்வரிசியும் பெருந்தொழிலாக ஆனதே 1940-களில், உலகப்போரால் மலேயாவிலிருந்து சரக்கு வருவது நின்ற சமயத்தில்தான். கிழக்கே கப்பல் நின்றதால் எங்கள் ஊருக்கு வந்த தொழில், இங்கே கிழக்கில் வந்து எனக்குக் கைகொடுத்தது. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக்கொண்டே கிளற வேண்டும். பால் மாதிரி இருப்பது ஒரு நொடியில் கண்ணாடி மாதிரி ஆகும். அந்தப் பதத்தில் இறக்க வேண்டும். அவளுக்கும் அந்தப் பதம் தெரிந்திருந்தது, பான் போட் லோக் என்று இறால் வைத்துச் செய்கிற கொழுக்கட்டைக்கு அதே மாவுதான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடுப்பை அணைக்கக் கை நீட்டினோம்.

முதல் நாற்காலி மழையில் ஊறி உப்பிப் போனது. இரண்டாவதை மின்விசிறிக்கு முன்னால் ஒன்பது நாள் வைத்துக் காயவைத்து, மேலே வார்னிஷ் அடித்தோம். ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்கு. அவன் அம்மா அவனை அதில் உட்கார வைத்து, பாயில் மற்றவர்களோடு வட்டமாக நகர்த்தி, விரால் மீன் போட்ட கெட்டிக் கஞ்சியை ஒரு வாய் ஊட்டினார். அவன் விழுங்கினான். இருமல் வருகிறதா என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். வரவில்லை. நான் ஊருக்குக் கிளம்பும் வரை பதினான்கு நாற்காலிகள் ஆயின, கடைசி ஆறில் என் கையே படவில்லை.

வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கே சான் போய் வந்தார். 1968-ல் பெரிய சண்டை நடந்த இடம், இப்போது சுற்றிலும் செம்மண்ணில் காபி. அராபிகாதான், கட்டிமோர் ரகம். இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம காவேரி ரகம்" என்று அப்பாவுக்கு வீடியோ போட்டுக் காட்டியிருக்கிறார். வின் மோக் சுரங்கத்துக்கு எல்லோரும் சேர்ந்து போனோம். குண்டுக்குப் பயந்து ஊரே மண்ணுக்கடியில் வாழ்ந்தது, 17 குழந்தைகள் உள்ளேயே பிறந்திருக்கிறார்கள். பிரசவத்துக்கு என்று விட்டிருந்த குழியில் நான் நிமிர்ந்து உட்காரக்கூட இடம் இல்லை. அங்கே நின்றபோது அத்தை கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது.

பிள்ளைகளோடு இப்படிப் போக நினைக்கிறவர்கள் எனக்குத் தனியாக எழுதிக் கேட்கிறார்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் அனாதை இல்லத்தில் குழந்தைகளைக் கொஞ்சிவிட்டு வருவதற்குப் போகாதீர்கள், கொஞ்சப் பழகின குழந்தையை விட்டுவிட்டு வருவது அதற்கு இன்னொரு இழப்பு. அங்கே ஆள் இல்லாத வேலை எது என்று கேட்டு, அதற்குக் கற்றுக்கொடுக்கப் போங்கள். சுற்றுலா விசாவில் இந்த வேலைக்குப் போகாதீர்கள், அழைக்கிறவர்கள் முறையாகக் காகிதங்களை எடுத்துத் தர வேண்டும். உங்கள் பிள்ளைகளை மையத்துக்குக் கூட்டிப்போய் வேடிக்கை காட்டாதீர்கள். என் பிள்ளைகள் மூன்று மாதம் கழித்து, அங்கே வருகிற பிள்ளைகளின் அண்ணன் தம்பிகளோடு பந்து விளையாடப் போனார்கள், அவ்வளவுதான்.

திரும்பும்போது சைகோனிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம். கிளம்புவதற்கு முதல் நாள் அங்குள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போனோம், தமிழ் வணிகர்கள் கட்டியது. உள்ளே வியட்நாமியப் பெண்கள் ஊதுபத்தியோடு நின்றார்கள், சிலர் கருங்கல் சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொண்டிருந்தார்கள். சேலம் வந்து சேர்ந்தபோது கோட்டை மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா. சின்னவள் பூசாரியைப் பார்த்து, பெரியவர்களுக்குச் சொல்கிறபடி கை கட்டிக் குனிந்து வியட்நாமியத்தில் வணக்கம் சொன்னாள்.

இப்போது அவள் மறந்துகொண்டிருக்கிறாள். ஞாயிறு தோறும் ஸாலோ என்ற வியட்நாமிய ஆப்பில் பா கூப்பிடுவார், நமக்கு மாலை ஐந்தரை என்றால் அவருக்கு ஏழு மணி. "அன் கம் சுவா?" என்பார். போன வருடம் முழு வாக்கியமாகப் பதில் சொன்னவள் இப்போது "ரோய்" என்று ஒரே சொல்லில், ஆயிற்று என்று, முடித்துக்கொள்கிறாள். அந்த ஒரு சொல்லில் மட்டும் ராகம் இன்னும் சரியாக விழுகிறது. எனக்கு அது வலிக்கிறது, தினமும் பத்து நிமிடம் பழைய வீடியோக்களைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் மையத்திலிருந்து ஒரு படம் வந்தது. அந்தப் பையன் வளர்ந்துவிட்டான், பழைய நாற்காலி போதவில்லை, அவன் அம்மாவே புதிதாக ஒன்று செய்திருக்கிறார். கால் வைக்கிற பலகையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்திருக்கிறார், அது நான் சொல்லிக்கொடுக்காதது. அதைப் பெரிதாக்கிப் பார்த்து அளவைக் குறித்துக்கொண்டேன். இங்கே கொண்டலாம்பட்டியிலிருந்து என்னிடம் வருகிற ஒரு பெண் குழந்தைக்கு அதே மாதிரி செய்து பார்க்கலாம் என்று மளிகைக்கடையில் பெட்டிகள் கேட்டு வாங்கி வந்தோம். பெரியவன் அம்மாயி வீட்டு வாசலில் உட்கார்ந்து பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறான். அம்மா உள்ளே கிழங்கு மாவைக் கரைத்து அடுப்பில் கிளறிக்கொண்டிருந்தார். இறக்கிவிடலாமா என்று எட்டிப் பார்த்தேன். "இன்னும் வெள்ளையா இருக்குது, கொஞ்சம் பொறு கண்ணு" என்றார்.