மூடுலில் ஏறிய தமிழர் மரபு

பொறியியல் முதலாண்டுக்கான 'தமிழர் மரபு' தாளை எங்கள் கல்லூரி மூடுலில், அதாவது இணையவழிப் பாடம் நடத்தும் தளத்தில், ஒருவழியாக ஏற்றியாயிற்று. பிள்ளைகள் திறக்கிறார்கள், படிக்கிறார்கள், "எங்க மேடம் இருக்கு?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பதில்லை. அந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இத்தனை அலைச்சலும். 2022-ல் அண்ணா பல்கலைக்கழகம் கொண்டுவந்த தாள் இது; ஒரு கிரெடிட்தான், ஐந்து அலகு. பாடம் எழுதுவதில் சிரமமே இல்லை. அதை ஒழுங்காக அடுக்கவும், அப்படி அடுக்க அனுமதி வாங்கவும்தான் உயிர் போனது. மூடுலில் பாடம் திறப்பது, எடிட் பட்டன் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இடறிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதல் இடறல், கல்லூரியின் மின்வழிக் கற்றல் பிரிவு தந்த மாதிரிப் பக்கம். எல்லாத் துறையும் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். உச்சியில் கல்லூரி முத்திரை, அதன் கீழ் தாளாளர் படம், தொலைநோக்கு, குறிக்கோள், துறையின் தொலைநோக்கு, துறையின் குறிக்கோள், பாடத்திட்டப் பிடிஎஃப், பாட விளைவுகள் அட்டவணை. இவ்வளவுக்கும் பிறகு நான்கு கோப்புறைகள்: காணொளி, குறிப்பு, கலந்துரையாடல், தேர்வு. மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தின் 'நான்கு பகுதி' முறையை அப்படியே பின்பற்றியிருக்கிறார்களாம். ஒரு பாடத்தில் இந்த நான்கும் இருக்க வேண்டும் என்பதுதான் ஸ்வயம் சொல்வது. நான்கையும் நான்கு மூலையில் போட்டுப் பூட்டி வையுங்கள் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. அங்கேயே பாடங்கள் வாரவாரியாகத்தான் போகின்றன. இதை எடுத்துச் சொன்னால், "மேடம், டெம்ப்ளேட் அப்ரூவ் ஆயிடுச்சு. நாக் டீம் வர்ற நேரம், மாத்த முடியாது" என்று பதில் வந்தது. (நாக் என்பது கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் தேசிய அமைப்பு.)

வாதாடிப் பயனில்லை என்று, முதலாண்டு மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டு அவள் போனிலேயே திறக்கச் சொன்னேன். "மூணாவது அலகுல தெருக்கூத்து பத்தி ஒரு வீடியோ இருக்கு, பாரும்மா." அவ்வளவுதான் சொன்னேன். கட்டைவிரலால் தள்ளித் தள்ளி முத்திரை, தாளாளர், குறிக்கோள் எல்லாம் கடந்து போனாள். 'அறிவிப்புகள்' என்பதைத் தொட்டாள், காலியாக இருந்தது, திரும்பி வந்தாள். குறிப்புக் கோப்புறையைத் திறந்தாள். உள்ளே 'அலகு3', 'அலகு3 புதிது', 'அலகு3 ஃபைனல்' என்று மூன்று பிடிஎஃப். "இதுல எது மேடம் பாடம்?" என்றாள். காணொளி அதற்கு மேலே இருந்த கோப்புறையில் இருந்தது, அதை அவள் பார்க்கவே இல்லை. அவள் அனுமதியோடு போன் திரையைப் பதிவு செய்து வைத்துக்கொண்டேன். நீங்களும் இதைச் செய்யுங்கள். துறைக் கூட்டத்தில் பத்துப் பக்கக் குறிப்பாணைக்கு இல்லாத வேகம் அந்தச் சின்னக் காணொளிக்கு இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த எச்ஓடி நடுவில், "பாவம்பா அந்தப் பொண்ணு" என்றார்.

அப்புறம் கிடைத்ததுதான் சமரசம். சரிபார்ப்புப் பட்டியலில் இருக்கும் எதையும் நீக்கக் கூடாது, ஆனால் எங்கே வைப்பது என்பது ஆசிரியர் விருப்பம். இது போதுமே! முத்திரையைத் தவிர மற்றதை எல்லாம் பக்கத்தின் அடியில் 'கல்லூரியும் பாடத்திட்டமும்' என்ற பிரிவில் சேர்த்தேன். நான்கு கோப்புறைகளையும் கலைத்துவிட்டு, ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் ஒரே வரிசையில் நான்கு வரி வைத்தேன்: பார்க்க, படிக்க, பேச, சோதிக்க. சரிபார்க்க வந்தவர், "வீடியோ இருக்கா, டிஸ்கஷன் இருக்கா" என்று டிக் அடித்துக்கொண்டே போனார். எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தலைப்புகளுக்கும் சண்டை வந்தது. 'அலகு 2' என்று பார்த்து எந்தப் பிள்ளைக்கு உள்ளே போகத் தோன்றும்? 'அலகு 2: நடுகல்லிலிருந்து 133 அடிச் சிலை வரை' என்று மாற்றினேன். பாடத்திட்டத் தலைப்பு அப்படியே வர வேண்டும் என்றார்கள். சரி, அதை உள்ளே முதல் வரியாகப் போட்டேன், வெளியே என் தலைப்பு. அந்த அலகின் முதல் கேள்வியும் குமரிமுனைத் திருவள்ளுவர் சிலைதான்: பீடம் 38 அடி, சிலை 95 அடி, ஏன் இந்தக் கணக்கு? அறத்துப்பாலின் 38 அதிகாரம் பீடம், மற்ற இரண்டு பாலும் சேர்ந்து சிலை. பிள்ளைகளே கண்டுபிடித்துக் கலந்துரையாடலில் எழுதுகிறார்கள். வழக்கமாக அந்தப் பகுதியில் 'நன்றி மேடம்' தவிர எதுவும் வராது.

காணொளியில் வேறு வேடிக்கை. ஒரு பீரியட் 50 நிமிஷம், எனவே காணொளியும் 50 நிமிஷம் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. எடெக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் முறை காணொளி பார்க்கப்பட்டதை அலசி 2014-ல் வெளியான ஆய்வைக் காட்டினேன். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிப் பேராவது ஆறு நிமிஷத்துக்குள் போய்விடுகிறார்கள் என்று அது சொல்கிறது. கடைசியில் துண்டு துண்டாகப் போடலாம், கூட்டினால் 50 வர வேண்டும் என்று முடிவானது. கரகாட்டம் ஒன்று, வில்லுப்பாட்டு ஒன்று, வளரி ஒன்று என்று பிரித்தேன். விதி போட்டவருக்கும் திருப்தி, பார்க்கிறவர்களுக்கும் திருப்தி. கோப்பைச் சர்வரில் ஏற்றப் பார்க்காதீர்கள். எங்கள் சர்வரின் வரம்பு 2 எம்பி, அதைக் கூட்டச் சொன்னால் படிவம், படிவத்தில் முதல்வர் கையெழுத்து, முதல்வர் வெளியூர். யூடியூபில் பட்டியலிடாத (இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும் 'அன்லிஸ்டட்') காணொளியாகப் போட்டுப் பக்கத்துக்குள் பதித்துவிடுங்கள்.

குறிப்புகளுக்கு வருவோம். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பெருந்தன்மையோடு தன் வேர்டு கோப்புகளைத் தந்தார். எல்லாம் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்தவை. மூடுலில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம். ஆனால் இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் ஏதோ தமிழாகிவிடும், முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். வேர்டிலிருந்து நேரே ஒட்டினால் அதன் எழுத்து அளவு, வண்ணம் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும், போனில் எறும்பு ஊர்ந்த மாதிரி தெரியும். வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். புத்தகப் பக்கத்தைப் போனில் படமெடுத்துப் பிடிஎஃப் ஆக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். என் வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள ஒரு மாணவர், திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துக் கேட்டுத்தான் படிக்கிறார். படமெடுத்த பக்கத்தில் அதற்குப் படிக்க ஒன்றுமில்லை. மூடுலின் 'பக்கம்' வசதியில் தட்டச்சு செய்து போட்டேன். அவருக்கும் ஆயிற்று, பஸ்ஸில் குறைந்த டேட்டாவில் படிக்கிறவர்களுக்கும் ஆயிற்று.

எல்லாம் முடிந்து மாணவர்களைச் சேர்க்கும் அன்று அலுவலகம் தந்த பட்டியல் பழிவாங்கியது. பதிவு எண் 12 இலக்கம். எக்செல் அதை எண்ணாக நினைத்துச் சுருக்கி, மூடுலில் ஏற்றுவதற்கான சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தபோது வகுப்பு முழுவதற்கும் ஒரே எண்: நடுவில் ஒரு ஈ, ஒரு பிளஸ், ஒரு 11. முதல் பிள்ளை உள்ளே போயிற்று, மற்றவர்களை எல்லாம் 'ஏற்கனவே உள்ளவர்' என்று மூடுல் வெளியே நிறுத்தியது. கிளார்க்கிடம் போனால், "எங்க சிஸ்டத்துல கரெக்டாத்தான் மேடம் இருக்கு" என்று தன் திரையைக் காட்டினார். அது எக்செல் கோப்பு, கட்டத்தைத் தொட்டால் மேலே உள்ள பட்டையில் முழு எண்ணும் சரியாகத்தான் தெரிந்தது! கெடுவது சேமிக்கும்போது. பதிவு எண் வரும் நெடுவரிசையை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டுப் பிறகு எண்களை ஒட்டச் சொல்லுங்கள். வந்த கோப்பை எக்செலில் திறந்து பார்க்காமல் நோட்பேடில் பாருங்கள்.

சோதனைக்கென்று ஒரு மாணவர் கணக்கும் கேட்டு வாங்குங்கள். "அதான் ஸ்டூடன்ட் வியூ இருக்கே" என்பார்கள். ஆசிரியர் கணக்கிலிருந்து மாணவராக மாறிப் பார்ப்பதில் பூட்டு, முடித்த குறி, மதிப்பெண் எல்லாம் முழுசாகத் தெரியாது. நான் கேட்டுக் கேட்டு, என்னைப் பார்த்தாலே அட்மின் எழுந்து போகிற நிலைமை வந்த பிறகுதான் கிடைத்தது. அந்தக் கணக்கில் நுழைந்த முதல் நாளே மூன்றாம் அலகுத் தேர்வு எந்த மாணவருக்கும் திறக்காது என்று தெரிந்தது. எதை முடித்தால் திறக்க வேண்டுமோ அந்தக் காணொளி மறைந்திருந்தது, மாதிரிப் பக்கத்திலேயே அப்படித்தான் அமைத்திருந்தார்கள். மற்ற துறைகளுக்கும் தகவல் சொல்லி அனுப்பினேன்.

இன்னொன்று. பருவம் முடிந்ததும் எங்கள் சர்வரில் பழைய பாடங்களைத் துடைத்துவிடுவார்கள், முன்கூட்டி யாரும் சொல்ல மாட்டார்கள். இயற்பியல் துறையில் ஒருவருக்கு அப்படித்தான் போயிற்று. பேக்கப் எடுத்து உங்கள் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாணவர் விவரங்களைச் சேர்க்காமல் எடுத்தால் கோப்பு சின்னதாக இருக்கும். அடுத்த பருவத்துக்கான 'தமிழரும் தொழில்நுட்பமும்' தாளை அதிலிருந்துதான் கட்டிக்கொண்டிருக்கிறேன். மின்வழிக் கற்றல் பிரிவும் ஒரு பிரதி கேட்டிருக்கிறது, புதிய மாதிரிப் பக்கம் தயாரிக்கவாம்.